மெத்தில் ஏறியிருந்தால் நல்லதா, கெட்டதா? (சித்தப்பாவின் மூளைக்கட்டி ரிப்போர்ட்)

#1 காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிறவள் நான். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு 61 வயது, திருச்சி. போன மாதம் ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, இடது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் கட்டி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு, ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது. இடது கையில்தான் இன்னும் பிடிமானம் வரவில்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: கிளியோபிளாஸ்டோமா, ஐடிஹெச் வைல்ட் டைப், கிரேடு 4. டெர்ட் புரொமோட்டர் மியூட்டேஷன் உண்டு. எம்ஜிஎம்டி புரொமோட்டர் மெத்திலேட்டட், 34%.

டாக்டர் பார்த்துவிட்டு "மெத்திலேட்டட், நல்ல பாயின்ட்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடினால், புற்றுநோயில் மெத்தில் ஏறித்தான் நம்மைக் காப்பாற்றும் ஜீன்கள் அணைந்துபோகின்றன என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இது எப்படி நல்ல பாயின்ட்? அப்புறம் 34% என்றால் எதில் 34?

சித்தப்பாவிடம் எம்ஜிஎம்டி என்று சொன்னேன். "எம்ஜிஆர் தெரியும், இது யாரு?" என்கிறார்.

#2 பைப்பெட் | ஞாயிறு, இரவு 10.03

மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி மாணவன். நான் டாக்டர் இல்லை. அதனால் சிகிச்சை பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை மட்டும் விளக்குகிறேன்.

மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துக்கடா. அவ்வளவுதான். ஆனால் உங்கள் சித்தப்பாவின் கதையில் அது மூன்று இடங்களில், மூன்று வேஷத்தில் வருகிறது. குழப்பம் அதனால்தான்.

அவருக்குத் தரப்போகும் மாத்திரை அநேகமாக டெமோசோலோமைடாக இருக்கும். 1980களில் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழு உருவாக்கியது. அது உடலுக்குள் போய் உடைந்து, டிஎன்ஏ மேல் மெத்திலை ஒட்டுகிறது. அதில் ஆளைக் கொல்லும் ஒட்டு, குவானின் என்ற எழுத்தின் ஆறாவது இடத்து ஆக்சிஜனில் விழுவது. அந்தக் குவானின் செல் பிரியும்போது தப்பான ஜோடியைப் பிடிக்கும். தப்பைத் திருத்த வரும் இயந்திரம் எதிர் இழையை வெட்டி ஒட்டும், ஆனால் மூலத்தில் உள்ள பிழை அப்படியே இருக்கும். திரும்ப வெட்டும், திரும்ப ஒட்டும். கடைசியில் இழை அறுந்து செல் சாகும். கட்டி செல்லுக்கு நாம் விரும்புவது இதைத்தான்.

எம்ஜிஎம்டி என்பது இந்த ஒட்டைப் பிய்த்தெடுக்கும் புரதம். குவானினிலிருந்து மெத்திலை எடுத்துத் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது, செல் அதைக் குப்பையில் போட்டுவிடும். தீக்குச்சி மாதிரி ஒருமுறைக்குத்தான். ஆக, செல்லிடம் குச்சிகள் நிறைய இருந்தால் மருந்து தோற்கும். பெட்டி காலியாக இருந்தால் மருந்து ஜெயிக்கும்.

இப்போது மூன்றாவது வேஷம். ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் புரொமோட்டர் என்று ஒரு பகுதி உண்டு. ஜீனைப் படிக்கும் இயந்திரம் வந்து உட்காரும் திண்ணை என்று வையுங்கள். எம்ஜிஎம்டியின் திண்ணை முழுக்க மெத்தில் ஒட்டியிருந்தால் இயந்திரத்தால் உட்கார முடியாது. ஜீன் இருக்கிறது, அதில் ஓர் எழுத்தும் பிழையில்லை, ஆனால் யாரும் படிக்கவில்லை. குச்சி தயாராகவில்லை. உங்கள் டாக்டர் நல்ல பாயின்ட் என்றது இதை.

34% என்பது மதிப்பெண் இல்லை. சோதித்த துண்டில், பார்த்த இடங்களில், டிஎன்ஏ பிரதிகளில் சராசரியாக எத்தனை சதவீதத்தில் மெத்தில் இருந்தது என்ற கணக்கு. துண்டில் சாதாரண செல்களும் கலந்திருக்கும் என்பதால் 100 வருவது அபூர்வம்.

#3 நைட் டியூட்டி | ஞாயிறு, இரவு 11.48

கதிர்வீச்சுத் துறையில் பயிற்சி டாக்டர். பைப்பெட் சொன்னது சரி. ஒன்றே ஒன்று: "பெட்டி காலி என்றால் மருந்து ஜெயிக்கும்" என்பதை "மருந்துக்கு வாய்ப்பு கூடும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தும் இயந்திரமே பழுதான கட்டி செல்களில் மருந்து தோற்பதும் உண்டு. மூளையில் இது சுத்தமாக வெட்டி எடுத்துவிடக்கூடிய கட்டியும் இல்லை. வேர் விட்டுப் பரவியிருக்கும்.

34% பற்றி: எத்தனைக்கு மேல் இருந்தால் மெத்திலேட்டட் என்று போடுவது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கோடு வேறு. கோட்டின் மேலேயே வரும் 8%, 10% ரிப்போர்ட்டுகள்தான் எங்களுக்குத் தலைவலி. 34 எந்தக் கோட்டை வைத்தாலும் தெளிவாக மேலே.

எண்கள் என்னிடம் உண்டு. சிலருக்கு எண் தெரிந்தால் நிம்மதி, சிலருக்குத் தூக்கம் போய்விடும். வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.

#4 காவிரிக்கரை | திங்கள், காலை 6.20

சொல்லுங்கள் டாக்டர். தெரியாமல் இருப்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

#5 நைட் டியூட்டி | திங்கள், காலை 7.05

சரி. 2005ஆம் ஆண்டில் ஐரோப்பாவும் கனடாவும் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு வந்தது. 18 முதல் 70 வயது வரை 573 நோயாளிகள். பாதிப்பேருக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றவர்களுக்குக் கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு. நடுப்புள்ளி ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதம் ஆனார்கள். ஐந்தாண்டு தாண்டியவர்கள் 1.9இலிருந்து 9.8 சதவீதம். அதாவது பலன் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை, ஒரு கூட்டத்துக்கு நிறையப் போனது.

அந்தக் கூட்டம் யார் என்று அதே சோதனையின் திசுக்களில் பார்த்தார்கள். 206 பேரின் கட்டியில் எம்ஜிஎம்டி சோதிக்க முடிந்தது. 45 சதவீதத்தில் மெத்தில். அவர்களில் மருந்தும் சேர்ந்து பெற்றவர்களின் நடுப்புள்ளி 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15.3. மெத்தில் இல்லாதவர்களில் 12.7க்கு எதிராக 11.8, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. (மெத்தில் இல்லை என்று ரிப்போர்ட் வந்தவர்கள் யாராவது படித்தால்: உங்களுக்கும் பெரும்பாலும் இதே சிகிச்சைதான் தருவார்கள், உங்கள் டாக்டரிடம் பேசாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.)

நடுப்புள்ளி என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள் என்று அர்த்தம். காலாவதி தேதி மாதிரி அதைப் படிக்க வேண்டாம்.

#6 ஜன்னலோரம் | திங்கள், மதியம் 1.30

இந்த இழையைப் பார்த்ததும் பழைய ஃபைலை எடுத்தேன். என் மனைவிக்கு 2017இல் ஆபரேஷன், அஸ்ட்ரோசைட்டோமா கிரேடு 2. இன்றுவரை ஆறு மாதத்துக்கொருமுறை எம்ஆர்ஐ, மற்றபடி பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் ரிப்போர்ட்டில் ஐடிஹெச்1 மியூட்டேஷன் உண்டு. அப்போது எங்களுக்கு விளக்கியவர், "இந்த மியூட்டேஷனால் டிஎன்ஏ முழுக்க மெத்தில் ஏறிவிடும், அதுவே கட்டிக்குக் காரணம்" என்றார். இங்கே நீங்கள் மெத்தில் நல்லது என்கிறீர்கள். எங்கள் வீட்டில் வில்லன், அவர்கள் வீட்டில் ஹீரோவா?

#7 பைப்பெட் | திங்கள், மாலை 6.15

ஆமாம். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஹெச்1 என்பது செல்லின் சமையலறையில் வேலை பார்க்கும் சாதாரண நொதி. 2008இல் கிளியோபிளாஸ்டோமா கட்டிகளின் ஜீன்களை மொத்தமாகப் படித்தபோது, சிலவற்றில் இதன் 132ஆவது இடத்தில் மட்டும் மாற்றம் இருப்பது தெரிந்தது. பெரும்பாலும் அர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். புற்றுநோய்க்கும் சமையலறைக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். அடுத்த ஆண்டே விடை வந்தது: மாறிய நொதி தன் பழைய வேலையை விட்டுவிட்டு, 2-ஹைட்ராக்ஸி குளுட்டரேட் என்ற வேண்டாத பொருளைக் காய்ச்ச ஆரம்பிக்கிறது. அது செல்லுக்குள் குவிகிறது. குவிந்தால் என்ன? டிஎன்ஏ மேலிருந்து மெத்திலைத் துடைக்கும் டெட் என்ற நொதிகளை அது அடைக்கிறது. துடைப்பவர் இல்லாத வீட்டில் தூசி சேர்வதுபோல், மெத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் சேர்ந்துகொண்டே போகும்.

அப்படிச் சேரும் இடங்களில் ஒன்றைப் பற்றி 2016இல் ஒரு ஆய்வு வந்தது. ஜீன்களுக்கிடையே வரப்பு உண்டு. ஒரு ஜீனை உசுப்பும் பகுதி (என்ஹான்சர்) பக்கத்து வயலில் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிடாமல் தடுப்பது அந்த வரப்பு. சிடிசிஎஃப் என்ற புரதம் டிஎன்ஏயில் உட்கார்ந்து வரப்பைக் கட்டுகிறது. அது உட்காரும் இடத்தில் மெத்தில் இருந்தால் உட்காராது. ஐடிஹெச் மாறிய கட்டிகளில் இப்படி ஒரு வரப்பு உடைந்து, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அடுத்த வயல் என்ஹான்சர் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வளர்ச்சி ஜீனுக்குள் பாய்கிறது. ஜீனில் பிழையே இல்லை, வாய்க்கால்தான் திசைமாறியது. ஐடிஹெச் மாறாத (ரிப்போர்ட் மொழியில் 'வைல்ட் டைப்') செல்லில் அந்த ஒரு வரப்பை மட்டும் கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் வெட்டிப் பார்த்தார்கள், பிடிஜிஎஃப்ஆர்ஏ ஏறியது. அதனால் இது வெறும் தற்செயல் இல்லை.

ஆக அதே மெத்தில்தான். எம்ஜிஎம்டியின் திண்ணையில் உட்கார்ந்தால் மருந்துக்கு வழிவிடும். வரப்பில் உட்கார்ந்தால் வளர்ச்சி ஜீனுக்கு வழிவிடும். எங்கே என்று கேட்காமல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதிலே கிடையாது.

குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் ஒரு வகைக் கட்டியில் கதை தலைகீழ். 2012இல் கண்டுபிடித்தது. அங்கே டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹெச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் மெத்தியோனின். அந்த ஒரு மாற்றத்தால் ஹிஸ்டோன் மேல் மெத்தில் ஒட்டும் இயந்திரமே சிக்கிப்போய், அணைந்திருக்க வேண்டிய ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. மெத்தில் இல்லாமல் போனதுதான் அங்கே கேடு.

காவிரிக்கரை, உங்கள் ரிப்போர்ட்டின் டெர்ட்டும் இதே ஜாதி. டெர்ட் புரதத்தில் மாற்றமில்லை, திண்ணையில் ஒரே ஓர் எழுத்து மாறி, வழக்கமாக மூடிக்கிடக்கும் ஜீன் திறந்துகொண்டது. அதனால் செல்லுக்கு வயதாவதில்லை.

#8 பழைய கேஷியர் | திங்கள், இரவு 8.40

பொதுத்துறை வங்கியில் 34 ஆண்டு. உயிரியல் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் பைப்பெட் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. திட்டினாலும் பரவாயில்லை.

வட்டியைக் கூட்டினால் நல்லதா கெட்டதா என்று கேட்டால், நானும் எந்த நாட்டில், எந்த நேரத்தில் என்றுதான் கேட்பேன். துருக்கியில் 2021 செப்டம்பரில் 19% இருந்த வட்டியை, விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, டிசம்பருக்குள் 14% ஆக்கினார்கள். லிரா சரிந்தது, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 மார்ச்சில் வட்டி 50%க்குப் போனது. பிரேசில்காரர்கள் 2021 மார்ச்சில் 2%இல் ஆரம்பித்து 2022 ஆகஸ்டில் 13.75% வரை ஏற்றினார்கள், அமெரிக்கா அசைவதற்கு ஒரு வருஷம் முன்பே. அவர்களுக்கு முன்கூட்டி ஏற்றியது கைகொடுத்தது. அதையே இலங்கை 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 புள்ளி ஏற்றிச் செய்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது. டாலர் கையிருப்பே இல்லாத இடத்தில் வட்டி மட்டும் டீசல் கப்பலைக் கொண்டுவராது.

ஆனால் நான் சொல்ல வந்தது "ஜீன் இருக்கிறது, யாரும் படிக்கவில்லை" என்ற வரி. 2019இல் ரிசர்வ் வங்கி பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ரெப்போவை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டியை) 6.50இலிருந்து 5.15க்கு இறக்கியது. கவுன்டரில் என்னிடம் வந்து நின்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: "சார், பேப்பரில் குறைந்துவிட்டது என்று போட்டிருக்கிறதே, என் கடனுக்கு ஏன் குறையவில்லை?" மும்பையில் உத்தரவு இருக்கிறது, அதில் ஓர் எழுத்தும் பிழையில்லை, கீழே இறங்கவில்லை. எங்கள் கடன்கள் வங்கியின் சொந்த அடக்க வட்டியோடு கட்டப்பட்டிருந்தன, டெபாசிட்டுக்குத் தரும் வட்டி குறையாமல் அது குறையாது. அதனால்தான் 2019 அக்டோபர் 1 முதல் புதிய வீட்டுக்கடன், சிறுதொழில் கடன்களின் மாறும் வட்டியை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டு என்று ரிசர்வ் வங்கி கட்டளை போட்டது. திண்ணையைத் துடைத்தார்கள் என்று சொல்லலாமா தம்பி?

#9 மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.02

கேஷியர் ஐயா, பொருளாதாரப் பிரிவு தனியாக இருக்கிறது. இந்த இழை ஒரு நோயாளியின் குடும்பத்துக்கானது.

#10 வல்லை வெளி | திங்கள், இரவு 9.30

மட்டுறுத்துநர் மன்னிக்கவும், ஒரே ஒரு திருத்தம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அந்த வருடம் வட்டி ஏறியதில் திறைசேரி உண்டியலுக்கே (அரசாங்கம் வாங்கும் குறுகிய காலக் கடன்) 30 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். வைப்பில் காசு இருந்தவர்களுக்கு நல்ல காலம். எங்கட தெருவில் பேக்கரி வைத்திருந்தவர் கடனைக் கட்டேலாமல் பூட்டினார். ஒரே வட்டி, ஒரே தெரு, இரண்டு வீட்டில் இரண்டு பலன். கேஷியர் ஐயா நாடு நாடாகச் சொன்னது வீடு வீடாகவும் பொருந்தும்.

காவிரிக்கரை, உங்கள் சித்தப்பா சுகமடைய வேண்டுகிறேன்.

#11 காவிரிக்கரை | செவ்வாய், காலை 7.15

மட்டுறுத்துநர், தயவுசெய்து அதை நீக்காதீர்கள்.

சித்தப்பா 30 வருஷம் இரும்புக்கடை நடத்தியவர். கடை முழுக்க ஓடி (ஓவர்டிராஃப்ட்) அக்கவுன்டில் ஓடியது. நேற்று ராத்திரி முழு இழையையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். குவானின், வரப்பு எல்லாம் வரும்போது தலையை ஆட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தார். கேஷியர் ஐயாவின் ரெப்போ வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஆமாம், பேப்பரில் குறையும், என் ஓடிக்குக் குறையாது. மேனேஜரிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்!" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்: "அப்போ என் தலைக்குள்ள அந்த எம்ஜிஎம்டிக்கு உத்தரவு இறங்கலை. இறங்காம இருக்கிறதுதான் நமக்கு நல்லது. அப்படித்தானே?"

ரிப்போர்ட் வந்து பத்து நாளில் அவர் தன் நோயைப் பற்றி ஒரு வாக்கியம் பேசியது அதுதான். சித்தி அடுப்படியில் நின்று அழுதுவிட்டார்.

#12 பைப்பெட் | செவ்வாய், காலை 9.50

சித்தப்பாவுக்கு முழு மதிப்பெண்.

கேஷியர் ஐயாவுக்கு முக்கால். உங்கள் உவமை ஓர் இடத்தில் கிழிகிறது. ரிசர்வ் வங்கியில் ஆறு பேர் உட்கார்ந்து வாக்களிக்கிறார்கள், தப்பு செய்தாலும் யோசித்துச் செய்கிறார்கள். கட்டிக்குள் யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. எம்ஜிஎம்டி திண்ணையில் மெத்தில் ஏறியது கட்டிக்கு எந்த வகையில் லாபம் என்று கேட்டால் எனக்கு நேர்ப்பதில் இல்லை. டெமோசோலோமைடு வருவதற்கு முன்பே ஏறியது அது. எத்தனையோ தாறுமாறான ஒட்டுகளில் ஒன்று நமக்கு வசதியாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

#13 பழைய கேஷியர் | செவ்வாய், காலை 10.20

முக்கால் போதும் தம்பி. யோசித்துச் செய்கிறார்கள் என்று ஆறு பேருக்கும் சேர்த்து நீங்கள் உறுதி தருவதைத்தான் ரசித்தேன்.

காவிரிக்கரை அம்மா, சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: ஓடி வட்டி விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். மேனேஜர் பக்கம் சர்க்குலர் இருந்தது.

#14 ஜன்னலோரம் | செவ்வாய், மாலை 4.05

பைப்பெட், நேற்றிலிருந்து ஒன்று மனதில் ஓடுகிறது. துடைப்பவர் இல்லாததால் வரப்பில் மெத்தில் ஏறியது என்கிறீர்கள். மெத்திலைத் துடைக்கும் மருந்து இருந்தால் என் மனைவிக்கு வரப்பு திரும்பி வருமே? ஆனால் அதையே சித்தப்பாவுக்குக் கொடுத்தால் எம்ஜிஎம்டி விழித்துக்கொள்ளாதா?

#15 பைப்பெட் | செவ்வாய், மாலை 5.40

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிடுங்கள்.

இரண்டுக்குமே ஆமாம், கொள்கையளவில். அந்த 2016 ஆய்விலேயே கட்டி செல்களை மெத்தில் குறைக்கும் மருந்தில் வளர்த்தபோது வரப்பு ஓரளவு திரும்பியது, பிடிஜிஎஃப்ஆர்ஏ இறங்கியது. கிண்ணத்தில் வளர்ந்த செல்களில். அசாசிட்டிடின், டெசிட்டபின் என்று இந்த ஜாதி மருந்துகள் ரத்தப் புற்றுநோய்களில் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முகவரி தெரியாது. ஊர் முழுக்கத் துடைக்கும். வரப்பையும் துடைக்கும், எம்ஜிஎம்டி திண்ணையையும் துடைக்கும். ஒரே இடத்தில் மட்டும் மெத்திலை வைக்கவும் எடுக்கவும் கருவிகள் ஆய்வகத்தில் உண்டு. மூளைக்குள் ஒவ்வொரு கட்டி செல்லுக்கும் அதைக் கொண்டுசேர்ப்பது வேறு கதை.

#16 நைட் டியூட்டி | புதன், அதிகாலை 2.10

ஜன்னலோரம், துடைப்பதைவிடக் குப்பை கொட்டுபவனை நிறுத்துவது சுலபம் என்று ஒரு வழி பிறந்திருக்கிறது. மாறிய ஐடிஹெச் நொதியையே அடைக்கும் வோராசிடெனிப். ஆபரேஷன் மட்டும் ஆகி, கதிர்வீச்சோ கீமோவோ இன்னும் தராத கிரேடு 2 நோயாளிகள் 331 பேரில் சோதித்தார்கள். கட்டி மேலே வளராமல் இருந்த காலம் நடுப்புள்ளியில் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமானது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் மனைவிக்குப் பொருந்துமா என்பது அவருடைய எம்ஆர்ஐகளை வரிசையாகப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அடுத்த விசிட்டில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விலையையும் கேளுங்கள், அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று. 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டிலிருந்து ஐடிஹெச் மாறிய கட்டியை கிரேடு 4 ஆனாலும் கிளியோபிளாஸ்டோமா என்று சொல்வதில்லை, அஸ்ட்ரோசைட்டோமா என்றே சொல்கிறோம். பழைய ஃபைல், புதிய ஃபைல் சேர்த்துப் படிக்கும்போது குழம்பாதீர்கள்.

#17 காவிரிக்கரை | புதன், காலை 11.30

அத்தை ஒருத்தர் நேற்று வந்தார். இழையை அவருக்கும் யாரோ காட்டிவிட்டார்கள். "மெத்தில் ஏறினால் நல்லது என்றால், ஏறவைக்க ஃபோலிக் ஆசிட் கொடு. முருங்கைக்கீரையில் நிறைய இருக்கிறது" என்று ஒரு கட்டு முருங்கையும் ஒரு ஸ்ட்ரிப் மாத்திரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சித்தி காலையிலேயே பொரியல் செய்துவிட்டார். மாத்திரையை நான் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்ய?

#18 நைட் டியூட்டி | புதன், மதியம் 2.00

பொரியலைச் சாப்பிடட்டும். மாத்திரை பீரோவிலேயே இருக்கட்டும்.

ஃபோலிக் ஆசிட் உடலின் மெத்தில் சரக்கோடு தொடர்புள்ளது என்பது உண்மைதான், அத்தை சும்மா சொல்லவில்லை. ஆனால் சரக்கு கூடினால் அது எந்தத் திண்ணையில் போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பைப்பெட் சொன்ன அதே முகவரிப் பிரச்சினை. சிகிச்சை நேரத்தில் எந்தச் சத்து மாத்திரையானாலும், நாட்டு மருந்தானாலும், டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

அப்புறம், உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடிய ஒன்று. கதிர்வீச்சு முடிந்து முதல் எம்ஆர்ஐ எடுக்கும்போது கட்டி இருந்த இடம் முன்பைவிடப் பெரிதாக, வெள்ளையாகத் தெரியலாம். எல்லா நேரமும் அது கட்டி வளர்ந்தது இல்லை. சிகிச்சையால் செல்கள் செத்து வீங்குவதும் அப்படியே தெரியும். மெத்திலேட்டட் நோயாளிகளில் இது இன்னும் அதிகம். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்கிறேன். பல நேரங்களில் கொஞ்ச வாரம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

#19 ஜன்னலோரம் | புதன், மாலை 6.45

இதை நானும் சொல்கிறேன். காத்திருக்கும் அந்தச் சில வாரங்களில் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள். ஏழு வருஷம் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மண்ணும் புரியாது, ஆனால் எல்லாம் தெரிகிற மாதிரி இருக்கும்.

#20 காவிரிக்கரை | சனி, இரவு 8.55

நேற்று முகத்துக்கு மாஸ்க் அளவெடுத்தார்கள். திங்கள் முதல் 30 நாள் கதிர்வீச்சு, வாரத்தில் ஐந்து நாள். மாத்திரை தினமும், சனி ஞாயிறு உட்பட. வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

இந்தத் தடவை நான் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் உட்கார்ந்து பதில் சொன்னார். 34% பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "எங்கே படித்தீர்கள்?" என்றார். "ஒரு பழைய கேஷியர் சொன்னார்" என்று சித்தப்பா முந்திக்கொண்டார்.

மாத்திரையை வெறும் வயிற்றில், வாந்திக்கான மாத்திரை போட்டு அரை மணி கழித்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சித்தப்பா கடைக் கணக்கு நோட்டில் பதிவுசெய்ய ஆரம்பித்துவிட்டார். வலது கைதான், அதனால் எழுத முடிகிறது. முதல் பக்கத்தின் மேலே வழக்கம்போலப் பிள்ளையார் சுழி, அதன் கீழே பற்று, வரவு என்று இரண்டு கட்டம். மாத்திரையைப் பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்று சித்தியோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. கேஷியர் ஐயா, கொஞ்சம் சொல்லுங்களேன்.

#21 பழைய கேஷியர் | சனி, இரவு 9.10

பற்று.